கண்மாயில் இன்டர்ன்ஷிப்: மாணவர்கள் கேட்டவை

மதுரை, சிவகங்கைப் பக்கம் கண்மாய் (பாசன ஏரி) புனரமைப்பு வேலையில் இருக்கிறேன். ஒவ்வொரு கோடையிலும் நாலைந்து மாணவர்கள் எங்களோடு வந்து சுற்றுவார்கள். இந்த வருடம் வரப் போகிறவர்கள் கேட்டதும், என் பதில்களும்.

சார், எங்களுக்கு மே மாதம்தான் விடுமுறை. வறண்ட கண்மாயில் என்ன கற்றுக்கொள்ள முடியும்? (சிவில், மூன்றாம் ஆண்டு)

தம்பி, படிக்கிறவனுக்கு வறண்ட கண்மாய்தான் வசதி. தண்ணீர் நின்றால் உள்வாய் (தண்ணீர் தேங்கும் பரப்பு) தெரியாது. மே மாதம் நடுவில் நின்று லெவல் (தரையின் ஏற்ற இறக்கம்) எடுக்கலாம். குழி தோண்டி வண்டல் எத்தனை அடி என்று பார்க்கலாம். மடையின் (மதகின்) தூம்பு, அதாவது வயலுக்குத் தண்ணீர் போகும் குழாய், அடைத்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கலாம்.

ஆனால் கரையோடு நின்றுவிடாதீர்கள். வரத்துக்காலை (கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய்) அதன் தலைப்பு வரை நடந்து பாருங்கள். கண்மாய் நிறையாததற்குக் காரணம் பெரும்பாலும் கண்மாய்க்குள் இருக்காது. மேலே எங்கோ கால்வாயை மறித்து வீட்டுமனைக்குப் பாதை போட்டிருப்பார்கள், அல்லது சாலைப் பாலத்தின் குழாய் மண்மூடிக் கிடக்கும். உள்வாயை எத்தனை அடி தூர்வாரினாலும் வரத்து இல்லையென்றால் அது வெறும் பள்ளம்.

முடிந்தால் நவம்பரில் இரண்டு நாள் திரும்ப வாருங்கள். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெய்கிறது. மே மாதம் வரைந்த படம் சரியா என்று தண்ணீரே சொல்லிவிடும்.

அப்புறம், லெவல் எடுக்கும்போது ஆதாரப் புள்ளியை (மற்ற உயரங்களை ஒப்பிடும் இடம்) அசையாத இடத்தில் வையுங்கள். முதல் வருடம் நான் கரையோரம் கிடந்த ஒரு கல்லை வைத்துக்கொண்டேன். மறுவாரம் போனால் அந்தக் கல் துணி துவைக்கப் போயிருந்தது. ஒரு வார வேலை வீண். அதிலிருந்து மதகுக் கட்டுமானத்தில் பெயின்ட் அடித்துக் குறி வைப்பதுதான் வழக்கம்.

சாட்டிலைட் படத்தை வைத்தே முழுவதும் செய்ய முடியாதா அண்ணா? (புவியியல், முதுகலை)

பாதி செய்யலாம். ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 எடுக்கும் படங்கள் இலவசம், 10 மீட்டர் துல்லியம். எந்த வருடம் எந்த மாதம் வரை தண்ணீர் நின்றது என்று வரிசையாகப் பார்க்கலாம். ஆனால் 2 மீட்டர் அகல வரத்துக்கால் அதில் தெரியாது. ஆகாயத்தாமரை மூடிய கண்மாயைத் தண்ணீரே இல்லை என்று காட்டிவிடும். படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள், பார்த்ததோடு முடித்துவிடாதீர்கள்.

நான் தமிழ் இலக்கியம் படிக்கிறேன். எனக்கு இங்கே வேலை உண்டா?

நிச்சயமாக. கண்மாயில் ஒவ்வொரு மடைக்கும் ஒரு பெயர் இருக்கும். வரத்துக்காலுக்கு, கலுங்குக்கு (உபரி நீர் வழியும் இடம்), வயலின் ஒவ்வொரு பகுதிக்கும்கூடப் பெயர் உண்டு. வருவாய்க் கணக்கில் இருப்பது பெரும்பாலும் புல எண்தான். பெயர் பெரியவர்களின் வாயில் இருக்கிறது. அவர்களோடு நடந்து அதை எழுதி, வரைபடத்தில் ஏற்றுங்கள்.

முக்கியமாக நீர்ப்பாய்ச்சிகளைத் தேடிப் பேசுங்கள். மடை திறப்பதும் வயலுக்கு வயல் தண்ணீர் கட்டுவதும் அவர்கள் வேலை. பல ஊர்களில் அவர்கள் ஒடுக்கப்பட்ட சமூகத்தவர்கள். பெரிய நிலக்காரர் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டு எழுதினால், அவர் வயலுக்குத் தண்ணீர் போன கதைதான் கிடைக்கும். கடைமடைக்காரரிடமும் (தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் வயல்காரர்) கேளுங்கள். தகராறு இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள், தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

தலைப்பில் 'காலநிலை மாற்றம்' இருக்க வேண்டும் என்கிறார் எங்கள் வழிகாட்டி. கண்மாய்க்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

கலுங்கைப் போய்ப் பாருங்கள். மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற இடம் அது. அதன் நீளம் பழைய மழைக்குக் கட்டப்பட்டது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 946 மில்லிமீட்டர் பெய்தது. அந்த மழை 1 சதுர கிலோமீட்டரில் விழுந்தால் 94.6 கோடி லிட்டர். மண் குடித்தது போக மீதி எங்கே போகும்? கலுங்கு போதாவிட்டால் கரைக்கு மேல் வழியும். மண்கரை அதைத் தாங்காது. கண்மாய்கள் சங்கிலியாக இருப்பதால் மேல்கண்மாய் உடைந்த தண்ணீர் கீழ்க்கண்மாயையும் சேர்த்து உடைக்கும்.

இதில் இன்னொரு சிக்கல். கூடுதலாகத் தண்ணீர் தேக்க, கலுங்கின் மேல் மணல் மூட்டை அடுக்குகிற ஊர்கள் உண்டு. வறட்சியைப் பார்த்தவர்களின் பயம் அது, குற்றம் சொல்ல மாட்டேன். வறட்சி, வெள்ளம் இரண்டுக்கும் ஒரே கண்மாயை எப்படித் தயார்செய்வது என்பதுதான் உங்கள் தலைப்பு. கலுங்கை அளந்து, எவ்வளவு தண்ணீரை வெளியேற்றும் என்று கணக்குப் போடுங்கள். அது போதும், உருகும் பனிப்பாறைப் படம் அட்டையில் வேண்டாம்.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

ஆயக்கட்டு (கண்மாயால் பாசனம் பெறும் நிலம்) 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை, கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். கல்லூரிக் கடிதத்தோடு போங்கள். கிராம நிர்வாக அலுவலரையும் பார்த்துவிடுங்கள், 'அ' பதிவேடும் (நில விவரப் பதிவு) புலப்படமும் (நில அளவை வரைபடம்) அங்கேதான் கிடைக்கும்.

உதவித்தொகை கிடைக்குமா? பணம் கட்டினால் சான்றிதழ் தருகிறார்களே, அது செல்லுமா?

சில இடங்களில் பயணப்படி, சாப்பாடு கிடைக்கும். பல இடங்களில் ஒன்றும் கிடையாது. முதலிலேயே கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். காசு கட்டி வாங்கும் சான்றிதழைப் பற்றி: நேர்முகத்தில் 'மடைக்கும் கலுங்குக்கும் என்ன வித்தியாசம்' என்று நான் கேட்பேன். சான்றிதழ் செல்லுமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

மகளை அனுப்பலாமா? தங்குமிடம் எப்படி? (ஒரு தாயார்)

அனுப்பலாம் அம்மா. தனியாக அல்ல, இருவராக. பெண்கள் இருக்கும் வீட்டில், ஊர் மகளிர் குழு மூலம் இடம் பார்த்துக்கொள்வோம். கழிப்பறை இருக்கிறதா என்று நேராகவே கேட்டுவிடுங்கள், நாங்களும் அதைத்தான் முதலில் பார்ப்போம். கள வேலை காலை 6 முதல் 10 வரை, பிறகு சாயங்காலம். நடுவெயிலில் யாரையும் நிற்க வைப்பதில்லை.

என்ன கொண்டு வர வேண்டும்?

தொப்பி, தண்ணீர் பாட்டில், முள் ஏறாத செருப்பு (சீமைக்கருவேல முள் ஹவாய்ச் செருப்பைத் துளைத்துவிடும்), 30 மீட்டர் டேப், நோட்டு, பென்சில். டேப் நுனியில் கட்ட ஒரு சின்ன எடையும் வேண்டும், கிணற்று நீர்மட்டம் அளக்க. அதைக் காலையில் மோட்டார் போடுவதற்கு முன்பே அளக்க வேண்டும், அதனால் அலாரமும் வைத்துக்கொள்ளுங்கள்.