உலர்திராட்சையில் புழு: குளவி அட்டை வாங்கலாமா?

கேள்வி: ஜெர்மனியில், டோர்ட்முண்டில் இருக்கிறோம். அலமாரியில் இருந்த ஒரு கிலோ உலர்திராட்சை நூல் கட்டிப் புழுத்துவிட்டது, இப்போது சமையலறை முழுக்கச் சின்ன அந்துப்பூச்சிகள். இங்கே கடையில் "ஷ்லுப்ஃவெஸ்பன்" என்று குளவி அட்டை (அந்துப்பூச்சியை ஒழிக்கும் குட்டிக் குளவிகள் வெளிவரும் காகித அட்டை) விற்கிறார்கள். வாங்கலாமா? குளவி கொட்டாதா? ஊரில் அண்ணன் கரும்புக்குக் கட்டும் அட்டையும் இதே குளவிதானாம், வரும்போது கொண்டுவரச் சொல்லவா?

பதில்: வாங்குங்கள், ஆனால் முதலில் அந்தத் திராட்சையைப் பையோடு கட்டி வெளியே குப்பையில் போடுங்கள். இந்தக் குளவி அந்துப்பூச்சியின் முட்டையை மட்டும்தான் தேடிப் பிடிக்கும். முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும், சுமார் 10 நாளில் புழுவுக்குப் பதில் இன்னொரு குளவி வெளியே வரும். பழத்துக்குள் ஏற்கெனவே இருக்கும் புழுவை அது தொடாது. அதனால் சுத்தம் செய்யாமல் அட்டை வைத்தால் காசுதான் வீண். பேரீச்சை, அத்தி, முந்திரி, மாவு எல்லாவற்றையும் பாருங்கள், ஜாடி மூடியின் மரைக்குள்ளும், அலமாரிப் பலகை தாங்கும் ஆணித் துளைக்குள்ளும்கூடப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஐந்து கூடுகள் அந்தத் துளைகளில்தான் இருந்தன, பல் குத்தும் குச்சியால் நோண்டி எடுத்தோம்.

கொட்டாது. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத பூச்சி, உற்றுப் பார்த்தால் தூசி நகர்வது மாதிரி இருக்கும். அந்துப்பூச்சி முட்டை தீர்ந்ததும் தானே செத்துவிடும்.

இப்போது வாங்கும் விஷயம். ஒரே ஒரு அட்டை வாங்கி ஏமாறாதீர்கள். ஒரு பெண் அந்து 200 முட்டைக்கு மேல் இடும், ஒளிந்திருக்கும் புழுவெல்லாம் பல வாரம் கழித்துக்கூட அந்தாக மாறி மறுபடி முட்டையிடும், அதுவரை குளவி இருந்துகொண்டே இருக்க வேண்டும். இரண்டு மூன்று வார இடைவெளியில் மூன்று நான்கு தவணையாக அனுப்புகிறவர்களிடம் வாங்குங்கள். இந்தக் குளவி அதிகம் பறக்காது, நடந்துதான் தேடும். அதனால் அலமாரியின் ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அட்டை வேண்டும், தட்டுகளை எண்ணிக்கொண்டு ஆர்டர் போடுங்கள். சில பெட்டிகளில் அட்டை இருக்காது, ஆர்டர் கூப்பன்தான் இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தபாலில் வருவது உயிருள்ள பொருள், வந்த அன்றைக்கே வைத்துவிடுங்கள். பூச்சி மருந்து மட்டும் அடிக்கவே கூடாது, குளவிதான் முதலில் சாகும்.

அண்ணன் அட்டை வேண்டாம். குடும்பம் ஒன்றுதான், ஆனால் அது கரும்புத் துளைப்பானுக்கு வயலில் விடும் வேறு இனம். அதைவிட முக்கியம், குளவி உள்ளே வளர்வதற்காக அந்த அட்டையில் ஒட்டியிருப்பது அரிசி அந்துப்பூச்சியின் முட்டை. பொரியாமல் இருக்கப் புறஊதா ஒளி காட்டித்தான் தருகிறார்கள், ஆனாலும் தப்பித்தவறி நாலு பொரிந்தால் உங்கள் அரிசி மூட்டைக்கே புழுவைக் கூப்பிட்ட மாதிரி. வயலில் அது பெரிய விஷயமில்லை, சமையலறையில் அப்படியில்லை.

கடைசி அட்டைக்கு அப்புறம், பெண் அந்தின் வாசனை வைத்த பசைப் பொறி ஒன்று வையுங்கள். அதில் ஆண் அந்து மட்டும்தான் விழும், ஒழிக்க உதவாது, ஆனால் இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று காட்டிக்கொடுக்கும். அடுத்த முறை வாங்கும் உலர்திராட்சையை, பிரிக்காத பாக்கெட்டாகவே இருந்தாலும், ஒரு வாரம் மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் போட்டுவிட்டு அப்புறம் அலமாரியில் வையுங்கள். இந்தப் புழு மெல்லிய பிளாஸ்டிக்கைக் கடித்துத் துளைத்துவிடும்.