தாத்தாவின் பட்டாளத்து பெல்ட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பர்மா சண்டைக்குப் போன தாத்தாவின் பெல்ட் பரணில் கிடைத்தது. தோல் இல்லை, தடித்த பருத்தி நாடா, பித்தளைக் கொக்கி. என்ன வகை?

பெரும்பாலும் '1937 மாதிரி' (1937 பேட்டர்ன்) பெல்ட்டாக இருக்கும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்தியப் படையினர் பரவலாகக் கட்டியது இதுதான். அகலத்தை அளந்து பாருங்கள், சுமார் இரண்டேகால் அங்குலம் வர வேண்டும். முன்பக்கம் ஊசி கிடையாது. கொக்கி வளையத்தில் மாட்டிக்கொள்ளும். முதுகுப் பக்கம் தோள் நாடாவைக் கோக்க இரண்டு சின்ன பக்கிள்கள் இருக்கும். அகலம் மூன்று அங்குலம் என்றால் அது 1908 மாதிரி, முதல் உலகப் போர்க் காலத்தில் இருந்தது.

அப்புறம் உள்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். தயாரித்தவர் பெயர், ஆண்டு, ஓர் அம்புக்குறி பதிந்திருக்கலாம். சி என்ற ஆங்கில எழுத்துக்குள் அம்பு இருந்தால் கனடாவில் செய்தது. இதையெல்லாம் விட எனக்கு முக்கியம், மையில் எழுதிய எண். அது பெரும்பாலும் அவருடைய படை எண், அல்லது அதன் கடைசி இலக்கங்கள். அவர் மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டனுக்கும், மெட்ராஸ் சாப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர் படை) என்றால் பெங்களூருக்கும் அந்த எண்ணோடு எழுதிக் கேளுங்கள். ஆவண அலுவலகங்கள் அங்கேதான் இருக்கின்றன.

கேள்வி: பக்கிளில் அசோகச் சிங்கம் இருக்கிறது. இதுவும் பர்மா காலத்ததா?

இல்லை. சிங்க முத்திரை 1950 ஜனவரி 26-க்குப் பிறகு வந்தது. அதற்கு முன் என்றால் கிரீடம் இருக்கும். தாத்தா போருக்குப் பிறகும் பணியில் நீடித்தாரா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: இத்தாலியிலிருந்து பெரியப்பா கொண்டுவந்த பக்கிளில் கழுகும் ஜெர்மன் எழுத்தும் உள்ளன. அசலா?

எழுத்து 'காட் மிட் உன்ஸ்', அதாவது 'கடவுள் நம்மோடு' என்றால் ஜெர்மன் தரைப்படை. கழுகு பறக்கும் நிலையில், வாசகம் இல்லாமல் இருந்தால் விமானப்படை. இத்தாலியில் இந்தியப் படைப்பிரிவுகள் போரிட்டன, அதனால் கதை பொருந்துகிறது. ஆனாலும் போலிகள் ஏராளம். அசல் அச்சில் அடித்த தகடு. பின்பக்கம் அதே உருவம் குழிந்து தெரியும். பின்பக்கம் தட்டையாக, கனமாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: புளி போட்டுத் தேய்க்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். பித்தளையில் பதிந்த முத்திரை தேய்ந்துவிடும். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தாலே போதும். நாடாவைத் தண்ணீரிலும் நனைக்காதீர்கள், உள்ளே இருக்கும் மை கரைந்துவிடும்.