‘மகளுக்குக் கிடைத்தது டீச்சர் வேலையும் இல்லை, ஆபீஸ் வேலையும் இல்லை’ என்று கேட்ட அப்பாவுக்கு

வணக்கம் சார். ‘ஸ்டூடன்ட் டெவலப்மென்ட் அண்டு எக்ஸ்பீரியன்ஷியல் லேர்னிங் கோஆர்டினேட்டர்’ என்ற பதவிப் பெயரைப் பார்த்து நீங்கள் குழம்பியதில் ஆச்சரியமில்லை. பி.எஸ்சி. இயற்பியல் முடித்த பெண், பி.எட்., டெட் தகுதித் தேர்வு, டி.ஆர்.பி. என்கிற ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வு என்று தெரிந்த வழியில் போகாமல், ஏழு பள்ளிகளைச் சுற்றி வரும் வேலைக்குப் போகிறேன் என்கிறார். சொந்தக்காரர்கள் கேட்டால் என்ன பதில் சொல்வது என்ற கவலையும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது.

முதலில் இது என்ன வேலை என்று பார்ப்போம். பாடப் புத்தகத்துக்கு வெளியே குழந்தைகள் செய்து, பார்த்து, பேசிக் கற்கிற எல்லாவற்றையும் திட்டமிட்டு நடத்தும் வேலை. களப்பயணம், செயல்திட்டம், மன்றங்கள், வாழ்க்கைத் திறன் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புக்கு மேல் தொழில் அறிமுகம் என்று பள்ளிக்குப் பள்ளி பட்டியல் மாறும்.

இது நேற்று முளைத்த ஃபேஷன் என்று நினைக்க வேண்டாம். கைத்தொழிலை நடுவில் வைத்துக் கல்வியை அமைக்க வேண்டும் என்று காந்தி வார்தா மாநாட்டில் பேசியது 1937-இல். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல், பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவியது. அதன் வேர் ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியில் இருக்கிறது. மாணவர்களுக்குத் திறன் பயிற்சியும் வேலை வழிகாட்டலும் தரும் நான் முதல்வன் திட்டமும், அரசுப் பள்ளிகளில் அறிவியலையும் கணக்கையும் செய்து பார்க்க வைக்கும் வானவில் மன்றமும் 2022-இல் வந்தவை. ஆறிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பத்து நாள் புத்தகப் பை இல்லாத நாட்கள் வேண்டும் என்று 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை சொன்ன பிறகு, தனியார் பள்ளிகளும் இதற்கென்று ஆள் தேட ஆரம்பித்துவிட்டன. வேலை நிஜம்தான். ஆனால் இந்தப் பெயரில் வருகிற எல்லா வேலையும் அந்த வேலை இல்லை. நான் அதிகம் சொல்ல விரும்புவது அதைப் பற்றித்தான்.

உங்கள் ஊர்ப் பக்கமே ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்மாய் பார்க்கக் கூட்டிப் போகிறார்கள். ஒரு பள்ளி பஸ் பிடிக்கிறது, பேனர் பிடித்துப் போட்டோ எடுக்கிறது, தயிர் சாதம் சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்குத் திரும்புகிறது. மறுநாள் ‘கண்மாயின் பயன்கள்’ என்று பத்து வரி எழுதச் சொல்கிறார்கள். இன்னொரு பள்ளியில், போகும் முன்பே பிள்ளைகள் கேள்வி தயாரிக்கிறார்கள். கரையின் நீளத்தை அளக்கிறார்கள். மடை திறப்பவரிடம் எந்த வயலுக்கு முதலில் தண்ணீர், யார் முடிவு செய்வது என்று கேட்கிறார்கள். திரும்பி வந்து வரைபடம் போடுகிறார்கள், கணக்கு வகுப்பில் கொள்ளளவைத் தோராயமாகக் கணக்கிடுகிறார்கள், ஐப்பசி மழைக்குப் பிறகு மறுபடி போய்த் தங்கள் கணக்கைச் சரிபார்க்கிறார்கள்.

அனுபவம், அதைத் திரும்பிப் பார்த்தல், அதிலிருந்து ஒரு கருத்தைப் பிடித்தல், அதை மீண்டும் சோதித்தல் என்று நான்கு கட்டங்களாக டேவிட் கோல்ப் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1984-இல் எழுதியதைத்தான் பயிற்சிகளில் எல்லாரும் படம் போட்டுக் காட்டுவார்கள். நம் பள்ளிகள் பலவற்றில் முதல் கட்டம் முடிந்ததுமே பஸ் ஏறிவிடுகிறோம். மிச்சம் மூன்றுக்கும் நேரம் ஒதுக்க வைப்பதுதான் உங்கள் மகளின் உண்மையான வேலையாக இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அவர் செய்வது விழா ஏற்பாடு. ஆண்டு விழா, அறிவியல் கண்காட்சி, இன்ஸ்டாகிராமுக்கு வீடியோ என்று இரண்டு வருடம் ஓடிவிடும். கையில் எந்தத் திறமையும் சேர்ந்திருக்காது.

எதில் சேர்கிறோம் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியும். நேர்காணலில் அவர் கேட்க வேண்டியவை உண்டு. இந்த நிகழ்ச்சிகளுக்குக் கால அட்டவணையில் வாரத்துக்கு எத்தனை பீரியட்? ‘தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம்’ என்று பதில் வந்தால், கணக்கு சாரிடமும் பி.இ.டி. சாரிடமும் தினமும் கெஞ்ச வேண்டியிருக்கும் என்று பொருள். நிகழ்ச்சிகளை நடத்துவது ஒருங்கிணைப்பாளர் மட்டுமா, வகுப்பாசிரியர்களுக்கும் பயிற்சி உண்டா? ஒருவரே ஏழு பள்ளியிலும் நேரில் நடத்துவது நடக்காத காரியம். ஆசிரியர்களைத் தயார் செய்தால்தான் பள்ளிகளுக்கிடையே இது நிற்கும். அப்புறம், போன ஆண்டு நடந்த ஒரு செயல்திட்டத்தில் பிள்ளைகள் எழுதிய நோட்டைக் காட்டச் சொல்லலாம். போட்டோ ஆல்பத்தை மட்டும் திறந்தால் புரிந்துகொள்ள வேண்டியதுதான். பணத்துக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறதா, பெற்றோரிடம் ஒவ்வொரு முறையும் வசூலிப்பார்களா என்பதும் முக்கியம். வசூல் என்றால் கட்ட முடியாத பிள்ளை வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கும்.

பள்ளி ஆண்டின் ஓட்டமும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜூனில் சேர்க்கை அமளி. செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு. பொங்கலுக்குப் பிறகு பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புக்காரர்களைத் தொடவே முடியாது. உருப்படியாக வேலை செய்யக் கிடைப்பது ஜூலை, ஆகஸ்ட், அப்புறம் அக்டோபர் கடைசி முதல் நவம்பர் வரை. நவம்பரிலும் மழை விடுமுறை வரும். இதை மறந்து பன்னிரண்டு மாதத்துக்குத் திட்டம் போடுபவர்கள் கடைசியில் எல்லாவற்றையும் பிப்ரவரியில் திணிப்பார்கள், தலைமையாசிரியர் முகம் சுளிப்பார். பிற்காலத்தில் அரசுப் பள்ளிகளோடு வேலை செய்யும் தொண்டு நிறுவனத்துக்குப் போனால் முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக் கடிதம், பள்ளி மேலாண்மைக் குழு என்று இன்னொரு உலகம் இருக்கிறது. அதையும் பழகத்தான் வேண்டும்.

இப்போது என் கருத்தைச் சொல்கிறேன். உங்கள் மகளுக்கு இந்த ஆர்வம் எங்கிருந்து வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக மாலை வகுப்பு எடுத்திருக்கிறார். நல்ல அடித்தளம். ஆனால் அந்த ஒன்றரை மணி நேர வகுப்பும், நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் முழுநாள் வகுப்பறையும் வேறு வேறு. ஒரு வகுப்பை ஓர் ஆண்டு முழுக்கக் கையில் வைத்திருக்காதவர், இருபது வருட அனுபவமுள்ள ஆசிரியரிடம் போய் ‘இப்படி நடத்துங்கள்’ என்றால் யார் கேட்பார்கள்? அதனால் ஏழு பள்ளிக்கும் பொறுப்பு என்பதை விட, முதல் இரண்டு ஆண்டு ஒரே பள்ளியில் இருந்து ஏதாவது இரண்டு வகுப்புக்குப் பாடமும் எடுத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய முடியுமா என்று நிர்வாகத்திடம் கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலான நிர்வாகங்கள் ஒப்புக்கொள்ளும், அறிவியல் டீச்சருக்கு எப்போதும் தட்டுப்பாடுதான்.

ஒப்புக்கொள்ளாவிட்டால் வேறு வாசல்கள் இருக்கின்றன. 2009 முதல் இயங்கும் டீச் ஃபார் இந்தியா என்ற தொண்டு நிறுவனத்தில் இரண்டு ஆண்டு ஃபெல்லோஷிப், உதவித்தொகையோடு. வகுப்பறையில் முழுநேரம் நிற்க வைப்பார்கள். காந்தி ஃபெல்லோஷிப்பும் இரண்டு ஆண்டுதான், ஆனால் அது அரசு அமைப்புகளோடு வேலை செய்வது, சொந்த ஊரை விட்டு வெகுதூரம் போக வேண்டியிருக்கலாம். மேற்படிப்பு என்றால் பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. கல்வி நல்ல படிப்பு, குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டண உதவியும் தருகிறார்கள்.

பி.எட். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது வீண் என்று உங்கள் மகள் சொல்கிறார், அப்படி இல்லை. பள்ளிக்குள் கல்வித் தலைவர், முதல்வர் என்று ஏற வேண்டுமானால் பெரும்பாலும் அதைக் கேட்பார்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: வேலையில் இருந்துகொண்டே அஞ்சல் வழியில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பி ஆண்டைக் கடத்தாதீர்கள். தொலைநிலை பி.எட். ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கானது. அவருக்கு இரண்டு ஆண்டு நேரடிப் படிப்புதான் வழி. ஃபெல்லோஷிப் முடித்துவிட்டு பி.எட். போவது தலைகீழ் இல்லை. வகுப்பறையைப் பார்த்துவிட்டுப் போனால் அங்கே சொல்வது காதில் ஏறும்.

பாதுகாப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். பயணம் அதிகம் உள்ள வேலை. ஓட்டுநர் உரிமம் எடுத்து வைக்கட்டும், பயணப்படி சம்பளத்தில் அடங்கியதா தனியா என்று எழுத்தில் வாங்கட்டும். அதை விட முக்கியம், பிள்ளைகளை வெளியே கூட்டிப் போகும் பொறுப்பு அவர் தலையில் விழும். பெற்றோர் ஒப்புதல் கடிதம், போதுமான ஆசிரியர்கள், பெண் பிள்ளைகளோடு பெண் ஆசிரியர், முதலுதவிப் பெட்டி எல்லாம் யார் பொறுப்பு என்று பணி ஆணையில் தெளிவாக இருக்க வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் என்ன சொல்கிறது, குழந்தைகள் உதவி எண் 1098 எதற்கு என்பது முதல் வாரத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சியைத் தராத நிர்வாகம் என்றால் எனக்கு யோசனையாக இருக்கும்.

வேலை நிலைக்குமா? பள்ளி நிர்வாகத்தின் நேரடிச் சம்பளம் என்றால் ஓரளவு நிலைக்கும். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் ஓடும் திட்டம் என்றால், நிதி முடியும் நாளில் பதவியும் முடியலாம். 2013-இன் நிறுவனச் சட்டத்துக்குப் பிறகு கல்விக்கு இந்தப் பணம் நிறைய வருகிறது, ஆனால் பெரும்பாலும் திட்டக் காலத்துக்கு மட்டும். உங்கள் மகளுக்கு வந்திருப்பது எந்த வகை என்று கடிதத்தில் இல்லை.

பணி ஆணையில் கையெழுத்துப் போடும் முன் சம்பள விவரப் பக்கத்தையும் வேலைப் பொறுப்புப் பக்கத்தையும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவரையே பேசச் சொல்லுங்கள் சார், இனி கேள்விகள் அவரிடமிருந்து வரட்டும். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் நான் ஃபோன் எடுப்பேன்.