போலி ஊசி: ஒரு மாணவரின் கேள்வி

மதிப்பிற்குரிய ஐயா,

அக்குபங்சர் என்னும் ஊசி மருத்துவமும் சீன மரபு மருத்துவமும் பயின்று முடிக்கும் தறுவாயில் இருக்கிறேன். வகுப்பில், உயிராற்றல் ஓடுவதாகச் சொல்லப்படும் நாளங்களையும் அவற்றின்மேல் ஊசி குத்தும் புள்ளிகளையும் மனப்பாடம் செய்கிறோம். வெளியே வந்து ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தால், புள்ளியே இல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்திய போலி ஊசியும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது என்கிறார்கள். அப்படியானால் நாளை என்னிடம் வரும் நோயாளியிடம் என்ன சொல்வது? இத்தொழிலை நேர்மையாகச் செய்ய முடியுமா? நெடுங்காலமாக இதைச் செய்துவருபவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

முடியும். ஆனால் அதற்கு, உங்களைக் கலங்கவைத்த ஆய்வுகளை முழுமையாகப் படித்தாக வேண்டும்.

2007இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு ஒன்று இவ்விவாதத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. நாள்பட்ட இடுப்புவலி கொண்ட 1,162 பேரை மூன்று பிரிவுகளாகப் பிரித்துச் சிகிச்சை அளித்து, ஆறு மாதங்கள் கழித்துப் பரிசோதித்தார்கள். முறையான அக்குபங்சர் பெற்றவர்களில் 47.6 சதவீதத்தினரும், போலி ஊசி பெற்றவர்களில் 44.2 சதவீதத்தினரும், மருந்தும் உடற்பயிற்சியுமான வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 சதவீதத்தினரும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டிருந்தார்கள். முதலிரண்டு எண்களை மட்டும் சொல்பவர் அக்குபங்சரை மறுக்கிறார். முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும் சொல்பவர் அதை விற்கிறார். நீங்கள் மூன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பின்னர் 2018இல், நாள்பட்ட வலி குறித்த 39 ஆய்வுகளில் பங்கேற்ற ஏறத்தாழ 21,000 பேரின் தரவுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தபோது, உண்மையான ஊசிக்கும் போலி ஊசிக்கும் இடையே சிறிய, ஆனால் தற்செயல் என்று தள்ளிவிட முடியாத வேறுபாடு தென்பட்டது. அக்குபங்சர் பெறாதவர்களோடு ஒப்பிட்டபோது வேறுபாடு அதைவிடப் பெரிது.

புள்ளியின் துல்லியத்தைப் பற்றி நம் பாடநூல்கள் கொண்டிருக்கும் உறுதி, இடுப்புவலியைப் பொறுத்தவரையிலாவது, இந்த எண்களால் தளர்ந்துவிடுகிறது என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். நம் துறையில் பலருக்கு இதை ஏற்க மனம் வருவதில்லை. அதற்குக் காரணமும் உண்டு. சீனாவில் சோங் அரசமரபின் காலத்தில், 1027ஆம் ஆண்டு வாக்கில், வாங் வெய்யி என்ற மருத்துவரின் மேற்பார்வையில் வெண்கலத்தில் மனித உருவங்கள் வார்க்கப்பட்டு அவற்றில் புள்ளிகள் துளைகளாக இடப்பட்டன. மேலே மெழுகு பூசி மறைத்து, உள்ளே நீர் நிரப்பி, மாணவரின் ஊசி சரியான துளையில் இறங்கி நீர் கசிகிறதா என்று சோதித்ததாகச் சொல்லப்படுகிறது. இத்தகைய கண்டிப்பில் வளர்ந்த மரபுக்கு, இடம் சற்று மாறினாலும் வலி குறைகிறது என்ற செய்தி கசப்பாகத்தான் இருக்கும்.

அதற்காக 361 புள்ளிகளையும் கற்ற உழைப்பு வீண் என்று எண்ணிவிடாதீர்கள். தோள்மேட்டில் உள்ள ஜியன்ஜிங் புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடியில் நுரையீரலின் உச்சி இருக்கிறது. மெலிந்த உடலில் ஊசி நேர்குத்தாக ஆழம் சென்றால் நுரையீரல் உறையில் காற்றுப் புகுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எந்த இடத்தில், எந்தச் சாய்வில், எவ்வளவு ஆழம் என்ற அறிவு பலனைக் கூட்டுகிறதோ இல்லையோ, நோயாளியைக் காக்கிறது. கால் மில்லிமீட்டர் கனமே உள்ள ஊசியை வழிகாட்டிக் குழாயில் வைத்து விரலால் தட்டி இறக்கியதும், தசை அதை மெல்லக் கவ்விக்கொள்வது உங்கள் விரல்களுக்குத் தெரியும். அதே கணத்தில் நோயாளி கனமாக இருக்கிறது என்றோ மரத்ததுபோல் இருக்கிறது என்றோ சொல்வார். மின்சாரம் பாய்ந்ததுபோல் சுளீரென்கிறது என்று சொன்னால் நரம்பைத் தொட்டிருக்கக்கூடும், உடனே பின்வாங்க வேண்டும். இறக்கிய ஊசிகளை எண்ணிக் குறித்துவைத்து, எடுத்தபின் மீண்டும் எண்ணுங்கள். முடிக்குள் மறைந்த ஒன்று எளிதில் விட்டுப்போகும்.

என் அச்சம் ஊசியைவிட மூலிகையைப் பற்றியதுதான். பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில், உடல் எடையைக் குறைக்கத் தரப்பட்ட கலவையில் ஃபாங்ஜி என்ற வேருக்குப் பதிலாகப் பெயரில் மட்டும் ஒத்த குவாங் ஃபாங்ஜி என்ற வேறொரு வேர் சேர்ந்துவிட்டது. அதிலிருந்த அரிஸ்டோலோக்கிக் அமிலத்தால் நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் சிறுநீரகங்கள் பழுதாயின. சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது. இயற்கையானது, ஆகவே தீங்கற்றது என்ற சொல்லை உங்கள் சிகிச்சை அறைக்குள் அனுமதிக்காதீர்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தைச் சாப்பிடும் ஒருவருக்கு டாங்குய் என்ற மூலிகையைக் கொடுத்தால் இரத்தக்கசிவு ஏற்படலாம். எனவே அவர் உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பெயர்களையும் எழுதி வாங்காமல் ஒரு பொட்டலம்கூடக் கட்டாதீர்கள்.

நாடி பார்ப்பதைக் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு மணிக்கட்டிலும் மூன்று இடங்களில் விரல் வைத்து, 28 வகை நாடிகளைப் பிரித்தறியக் கற்றிருப்பீர்கள். ஒரே நோயாளியின் நாடியை இருவர் பார்த்து இருவேறு முடிவுக்கு வருவதையும் கண்டிருப்பீர்கள். நாடியையும் நாக்கையும் பார்ப்பதை நான் விடவில்லை. ஆனால் அவற்றை மட்டும் நம்பி முடிவெடுப்பதில்லை. இடுப்புவலியோடு வருபவரிடம் முதலில் சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, தொடைகளின் இடையே மரத்துப்போகிறதா, காரணமின்றி எடை குறைந்ததா, காய்ச்சல் உண்டா, படுத்தாலும் வலி தணியவில்லையா என்று கேளுங்கள். முதலிரண்டில் ஒன்றில் கோளாறு இருந்தாலும் ஊசியைத் தொடாமல் அப்போதே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். மற்றவற்றில் ஐயம் எழுந்தால் மருத்துவர் ஒருவர் பார்த்த பிறகே தொடங்குங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் நோயாளியிடம் இப்படிச் சொல்லலாம்: “உங்களைப் போன்ற வலி உள்ளவர்களில் கணிசமானவர்களுக்கு இது உதவியிருக்கிறது. அந்த உதவியில் ஊசி குத்தும் இடத்தின் பங்கு எவ்வளவு, உங்கள் எதிர்பார்ப்பின் பங்கு எவ்வளவு என்று முழுமையாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சில அமர்வுகள் பார்ப்போம். மாற்றம் தெரியாவிட்டால் நானே நிறுத்தச் சொல்வேன். மருத்துவர் கொடுத்த மருந்தை அவரைக் கேட்காமல் விடாதீர்கள்.” இதைக் கேட்டதும் சிலர் எழுந்து போய்விடக்கூடும். அவர்களைத் தடுக்க ஒரு சொல்லும் கூட்டாதீர்கள்.