ரெய்டு 6 போட்டால் பேக்கப் வேண்டாமா? நான்கு எடிட்டர்களுக்கான நாஸ் கணக்கு

கேள்வி: நாங்கள் நான்கு எடிட்டர்கள். 4கே ஃபுட்டேஜை வெளி ஹார்ட் டிஸ்க்குகளில் போட்டுக் கைமாற்றித்தான் வேலை செய்கிறோம். கேமராவிலிருந்து மாதம் 3 டிபி வரை சேர்கிறது. 8 டிரைவ் நாஸ் (நெட்வொர்க் வழியாக எல்லோரும் பகிரும் சேமிப்புப் பெட்டி) ஒன்றை வாங்கி ரெய்டு 6 (பல டிரைவ்களை ஒன்றாகச் சேர்த்து, இரண்டு டிரைவ் அளவு இடத்தைக் காப்புக்கு ஒதுக்கும் முறை) போட்டுவிட்டால் பேக்கப்புக்குத் தனிச் செலவே வேண்டாம் என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: நாஸ் வாங்குங்கள், ரெய்டு 6-ம் போடுங்கள். பேக்கப் வேண்டாம் என்பதை மட்டும் நம்பாதீர்கள். எட்டில் எந்த இரண்டு டிரைவ் போனாலும் வேலை நிற்காது. ரெய்டு 6 தரும் காப்பு அவ்வளவுதான். யாராவது கைதவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் எட்டு டிரைவிலிருந்தும் அது ஒரே நொடியில் போய்விடும். ரேன்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்), திருட்டு, தீ, நாஸின் போர்டையே எரிக்கும் மின்னழுத்தம் ஆகியவற்றுக்கும் ரெய்டில் பதில் இல்லை. அதனால் கையில் உள்ள தொகையை முதலிலேயே முதன்மை நாஸ், பேக்கப் நாஸ் என இரண்டு பெட்டிகளுக்குப் பிரித்துவிடுங்கள். பேக்கப்புக்கு ஒதுக்கியது போக மிச்சத்துக்குள் அடங்கும் நாஸே உங்களுக்கான நாஸ்.

எத்தனை டிபி என்று கேட்பதற்கு முன் எந்த கோடெக்கில் (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறை) எடிட் செய்யப்போகிறீர்கள் என்று முடிவுசெய்ய வேண்டும். 4கே யுஎச்டி, 25 ஃபிரேம், எடிட்டிங்குக்கான உயர்தர கோடெக்கான புரோரெஸ் 422 எச்க்யூ என்றால் விநாடிக்கு 737 மெகாபிட், அதாவது சுமார் 92 மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 332 ஜிபி. கேமரா தரும் 100 மெகாபிட் எச்.265 ஃபைல் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபிதான். உங்கள் 3 டிபி இந்த வகையாக இருந்தால், முழுவதையும் எச்க்யூவுக்கு மாற்றியதும் 22 டிபி ஆகிவிடும். இது மாதாமாதம் நடந்தால் எந்த நாஸும் தாங்காது. 1080பி புரோரெஸ் ப்ராக்ஸி (எடிட்டிங்குக்கு மட்டுமான சிறிய நகல்) செய்துகொள்ளுங்கள்: விநாடிக்கு 38 மெகாபிட், மாதத்துக்கு ஒரு டிபிக்குச் சற்று மேல். கட்டிங் முழுக்க ப்ராக்ஸியில் நடக்கட்டும். கலர் கிரேடிங்குக்கும் இறுதி ரெண்டருக்கும் மட்டும் ஒரிஜினல்.

கேமரா ஃபைல், ப்ராக்ஸி, ரெண்டர் எல்லாம் சேர்த்து மாதம் 5 டிபி என்றால் ஆறு மாத வேலைக்கு 30 டிபி. எட்டு 8 டிபி டிரைவ்களை ரெய்டு 6-ல் போட்டால் 48 டிபி கிடைக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விடவேண்டும், ஏனென்றால் ஹார்ட் டிஸ்க் நிரம்ப நிரம்ப உள்வட்டத்துக்குப் போகிறது, அங்கே வேகம் ஏறக்குறைய பாதி. நான்கே நான்கு பெரிய டிரைவ் போடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். நான்கு பேர் ஒரே நேரத்தில் வெவ்வேறு ஃபைலை இழுக்கும்போது டிரைவின் ஹெட் (தகவலைப் படிக்கும் முனை) இங்கும் அங்கும் ஓடுகிறது. டிரைவ் எண்ணிக்கை கூடினால்தான் அந்தச் சுமை பகிரப்படும். இன்னொரு காரணம், பழுதான டிரைவை மாற்றினால் அதன் முழுக் கொள்ளளவையும் மறுபடி எழுதியாக வேண்டும் (இதுவே ரீபில்ட்). விநாடிக்கு 200 மெகாபைட் என்று வைத்தாலும் 8 டிபிக்கு 11 மணி நேரம், 16 டிபிக்கு 22 மணி நேரம். எடிட்டிங்கும் கூடவே நடந்தால் நாள் கணக்காக இழுக்கும்.

டிரைவ் வாங்கும்போது சிஎம்ஆர் வகைதானா (தடங்களைத் தனித்தனியாக எழுதுவது) என்று மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரத்தாளில் பாருங்கள். தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதும் எஸ்எம்ஆர் டிரைவ், ரீபில்டின்போது எழுத முடியாமல் திணறும். அது பழுதாகிவிட்டது என்று நினைத்து ரெய்டு அதையும் வெளியேற்றிவிடும். மாற்றுக்கு ஒரு டிரைவ் கையிருப்பில் இருக்கட்டும்.

நெட்வொர்க்கில் 1 கிகாபிட் என்றால் நடைமுறையில் விநாடிக்கு 110 மெகாபைட். எச்க்யூ ஸ்ட்ரீம் ஒன்றுக்கே அது சரியாகிவிடும். நாஸுக்கும் கலரிஸ்டின் கம்ப்யூட்டருக்கும் 10 கிகாபிட், மற்ற மூவருக்கும் 2.5 கிகாபிட் போதும். இரண்டு 1 கிகாபிட் போர்ட்களைப் பிணைத்தால் வேகம் இரட்டிப்பாகும் என்பது தவறு. வழக்கமான பிணைப்பில் ஓர் இணைப்பு ஒரு போர்ட் வழியாகத்தான் போகும். கேபிள் கேட் 6ஏ. ஜம்போ ஃபிரேம் (நெட்வொர்க்கில் தகவலைப் பெரிய பொட்டலங்களாக அனுப்பும் அமைப்பு) போடுவதானால் நாஸ், ஸ்விட்ச், எல்லா கம்ப்யூட்டர்கள் என அனைத்திலும் ஒரே அளவு இருக்கவேண்டும். ஒன்று தவறினாலும் ஃபோல்டர் பட்டியல் வரும், ஃபைல் திறக்காமல் தொங்கும். நாஸில் என்விஎம்இ கேஷ் (அடிக்கடி படிப்பதை வைக்கும் வேகமான எஸ்எஸ்டி) போடும் பணத்தை மிச்சம் பிடியுங்கள், பெரிய வீடியோ ஃபைலை வரிசையாகப் படிக்கும் வேலைக்கு அது பெரிதாக உதவாது. எடிட்டிங் சாஃப்ட்வேர் உருவாக்கும் தற்காலிக ஃபைல்களான மீடியா கேஷை ஒவ்வொருவரின் கம்ப்யூட்டரிலும் உள்ள எஸ்எஸ்டியிலேயே வைப்பதுதான் உடனே பலன் தரும். விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றிலும் நாஸுக்கு ஒரே டிரைவ் எழுத்து கொடுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் மூடிய புராஜெக்டை மற்றவர் திறக்கும்போதெல்லாம் மீடியா ஆஃப்லைன் என்று நிற்கும்.

இனி பேக்கப். இரண்டாவது பெட்டி வேகமாக இருக்கத் தேவையில்லை. நான்கு 16 டிபி டிரைவ், ரெய்டு 5 (ஒரு டிரைவ் போனால் மட்டும் தாங்கும்), அதே 48 டிபி. ஆனால் முதன்மை நாஸ் அதில் எழுதக்கூடாது; அதுவே இரவில் வந்து முதன்மையிலிருந்து இழுத்துக்கொள்ளும்படி அமையுங்கள். எடிட்டர்களின் கணக்குக்கும் பாஸ்வேர்டுக்கும் அங்கே நுழைவே இருக்கக்கூடாது. அப்போதுதான் எடிட்டர் ஒருவரின் கம்ப்யூட்டரில் புகுந்த ரேன்சம்வேர் பேக்கப்பைத் தொடமுடியாது. முதன்மையை அப்படியே நகலெடுக்கும் வெறும் சிங்க் போதாது: காலையில் அழிந்த ஃபைல் இரவில் அங்கேயும் அழிந்துவிடும். இரண்டு பெட்டிகளிலும் ஸ்னாப்ஷாட்டை (ஃபைல்களின் அந்த நேரத்து நிலையைத் திரும்பப் பெறும்படி வைக்கும் பதிவு) இயக்குங்கள். முதன்மையில் மணிக்கு ஒன்று வீதம் ஒரு நாளுக்கு, பேக்கப்பில் தினம் ஒன்று வீதம் ஒரு மாதத்துக்கு. இரண்டுக்கும் யுபிஎஸ் கட்டாயம், மின்சாரம் போனால் நாஸ் தானாக மூடிக்கொள்ளும்படி அதன் யுஎஸ்பி கேபிளையும் இணைக்க வேண்டும்.

மூன்றாவது பிரதி வேறு கட்டடத்தில் இருக்கவேண்டும். 100 மெகாபிட் அப்லோடில் 1 டிபி ஏற்ற 22 மணி நேரம் ஆகும். புராஜெக்ட் ஃபைல், கிராஃபிக்ஸ், ஆடியோ, இறுதி மாஸ்டர் ஆகியவை தினமும் கிளவுடுக்குப் போகட்டும். கேமரா ஒரிஜினலை வாரம் ஒருமுறை ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு போங்கள். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரில் புராஜெக்ட் ஃபோல்டரில் இருப்பதில்லை, டேட்டாபேஸில் இருக்கிறது. அதற்குத் தனி பேக்கப் போடாவிட்டால் ஃபுட்டேஜ் முழுதும் பத்திரமாக இருந்தும் எடிட் இருக்காது. மெமரி கார்டையும் இரண்டு பிரதிகள் செக்சம் சரிபார்ப்போடு (நகல் மூலத்தோடு ஒத்துப்போகிறதா என்று எண் கணக்கில் பார்ப்பது) முடியும்வரை ஃபார்மட் செய்யாதீர்கள். ரிசால்வின் குளோன் டூலே அதைச் செய்யும்.

முடிந்த வேலைகளை எல்டிஓ டேப்பில் (நீண்டகாலச் சேமிப்புக்கான காந்த நாடா) வைக்க நினைத்தால் அட்டையில் அச்சிட்ட பெரிய எண்ணைப் பார்க்காதீர்கள். எல்டிஓ-8 டேப்பில் 30 டிபி என்பது கம்ப்ரெஸ் செய்த கணக்கு. வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்டது, கிடைப்பது 12 டிபிதான். மொத்தம் 100 டிபியை எட்டும்வரை, இரு இடங்களில் வைக்கும் இரட்டை ஹார்ட் டிஸ்க்குகளே சிக்கனம்; ஆண்டுக்கு ஒருமுறை இணைத்துச் செக்சம் பாருங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு பழைய புராஜெக்டை, முதன்மை நாஸின் கேபிளைக் கழற்றிவிட்டு, பேக்கப்பிலிருந்து மட்டும் ஒரு காலி டிரைவுக்கு இறக்கித் திறந்து பாருங்கள். விடுபட்டு நிற்பவை பெரும்பாலும் ஃபாண்ட், லட் (நிறத்தை மாற்றும் ஃபைல்), ஒருவர் தன் டெஸ்க்டாப்பிலிருந்தே டைம்லைனில் இழுத்துப் போட்ட இசை ஃபைல்கள். அவற்றைக் கண்டதும் புராஜெக்ட் ஃபோல்டருக்குள் நகர்த்தி மறுபடி இணைத்துவிடுங்கள்.