ஜிம்மில் பாரம் ஏறாததற்குக் கைத்தொலைபேசி காரணமா?

கேள்வி: எனக்கு வயது 24, நிறை 68 கிலோ. விசுவமடுவிலிருந்து பஸ்ஸில் கிளிநொச்சிக்கு வந்து, வாரத்தில் நான்கு நாள் மாலையில் ஜிம்முக்குப் போகிறேன். முதல் ஐந்து மாதமும் பாரம் நன்றாக ஏறியது. இப்போது மூன்று மாதமாகப் பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் படுத்து நெஞ்சுக்கு மேல் பாரம் தூக்கும் பயிற்சி) 60 கிலோவிலேயே நிற்கிறது. ஒன்றரை மணித்தியாலம் நின்றும் அட்டவணையில் உள்ள 16 செற்களில் (ஓய்வில்லாமல் தொடர்ந்து பல தடவைகள் தூக்குவது ஒரு செற்) 11 அல்லது 12தான் முடிகின்றன. செற்களுக்கு இடையில் போன் பார்ப்பேன். சிலவற்றை டிக்டொக்கில் போடப் பதிவும் செய்வேன். பழக்கும் அண்ணா, "போனை வீட்டில் வைத்துவிட்டு வா, எல்லாம் சரிவரும்" என்கிறார். நண்பர்கள் புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்கிறார்கள். லண்டனில் உள்ள அக்கா இரவில் அழைப்பு எடுப்பதால் படுக்க ஒரு மணி தாண்டிவிடும். காலை ஆறு மணிக்கு எழும்ப வேண்டும். பின்கழுத்திலும் நோ இருக்கிறது. யார் சொல்வது சரி?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி நீங்களே எழுதிய எண்களில் இருக்கிறது. அண்ணா சொன்ன முடிவு பெருமளவு சரியானது. ஆனால் அதற்கு ஜிம்களில் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் பிழையானது. இடையில் கூட நேரம் இருந்தால் உடம்பு ஆறிவிடும், செய்த பயிற்சி வீணாகிவிடும் என்பார்கள். உண்மையில், பாரமான ஒரு செற்றுக்குத் தசை முதலில் எடுத்துச் செலவழிப்பது பொஸ்போகிரியேட்டின் என்னும் உடனடிச் சக்தி இருப்பையாகும். அது மீண்டும் ஏறக்குறைய முழுமையாக நிரம்புவதற்கு மூன்று முதல் ஐந்து நிமிடம் வரை எடுக்கும். 2016ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஏற்கெனவே பயிற்சியுள்ள இளைஞர்களில் ஒரு பகுதியினர் செற்களுக்கு இடையே ஒரு நிமிடமும் மற்றவர்கள் மூன்று நிமிடமும் ஓய்வெடுத்து எட்டு வாரம் பயிற்சி செய்தபோது, மூன்று நிமிடம் ஓய்வெடுத்தவர்களுக்கே பலமும் தசையும் கூடுதலாக வளர்ந்தன. ஆகவே நீங்கள் ஓய்வெடுப்பதில் பிழையில்லை. அந்த ஓய்வு எப்போது முடிய வேண்டும் என்பதைத் திரை தீர்மானிப்பதுதான் பிரச்சினை.

கணக்குப் பார்ப்போம். ஒரு செற் செய்ய முக்கால் நிமிடம், ஓய்வுக்கு மூன்று நிமிடம் என்று எடுத்தாலும் 16 செற்களும் ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். உங்களுக்கோ 90 நிமிடத்தில் 12 செற்கள்தான் முடிகின்றன என்றால், ஒவ்வொன்றுக்குப் பின்பும் ஏறக்குறைய ஏழு நிமிடம் போகிறது. பாரத்தைத் தாங்கியில் வைத்தவுடன் கை போனுக்குப் போகிறது. வட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்திக்குப் பதில் எழுதுகிறீர்கள். எழுதி முடித்த பெருவிரல் தானாகவே அடுத்த செயலியைத் திறக்கிறது. நிமிர்ந்து பார்க்கும்போது பெஞ்சில் வேறொருவர் படுத்திருக்கிறார். அந்த ஏழு நிமிடமும் உங்களுக்கு இரண்டு நிமிடம் போலத்தான் தெரிந்திருக்கும். ஒரு நாளில் நான்கு, ஐந்து செற்கள் விடுபட்டால் வாரத்தில் 16 முதல் 20 செற்கள் விடுபடுகின்றன. அது நீங்கள் செய்ய நினைத்த வேலையின் கால்பங்கு அல்லது அதற்கும் மேல். அதுமட்டுமல்ல, விடுபடுபவை எப்போதும் அட்டவணையின் கடைசியில் இருப்பவையே. பெரும்பாலானோரின் அட்டவணையில் பெஞ்ச் பிரஸ் முதலில் வரும். அதற்குத் துணைநிற்கும் தோளுக்கும் மேற்கையின் பின்தசைக்கும் உரிய பயிற்சிகள் கடைசியில் வரும். நாள்தோறும் அவையே கைவிடப்படும்போது 60 கிலோவைத் தாண்டுவதற்குத் தேவையான தசை எங்கிருந்து வளரும்?

அடுத்ததாக, பலரும் யோசிக்காத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்: ஜிம்முக்கு வருவதற்கு முன்னர் நடப்பது. விசுவமடுவிலிருந்து பரந்தன் ஊடாகக் கிளிநொச்சி வந்து சேரும்வரை பஸ்ஸில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஆனால் உங்கள் வயதுப் பிள்ளைகள் அந்த நேரம் முழுவதும் குனிந்த தலை நிமிராமல் ரீல்ஸ் தள்ளிக்கொண்டு வருவதை அந்த வீதியில் போகும் எல்லோரும் காண்கிறோம். பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள், பயிற்சிக்கு முன்னர் 30 நிமிடம் கைத்தொலைபேசியில் சமூக ஊடகம் பார்த்தவர்கள், அதன் பின்னர் தோளில் பாரம் வைத்துக் குந்தி எழும்பும் ஸ்குவாட் பயிற்சியில் செய்து முடித்த மொத்த வேலை குறைந்திருப்பதைக் கண்டார்கள். 2009ஆம் ஆண்டு வேல்ஸில் நடந்த வேறோர் ஆய்வில், 90 நிமிடம் மூளைக்குக் கடும் வேலை கொடுத்துவிட்டுச் சைக்கிள் பொறியில் ஏற்றியபோது, பங்குபற்றியோர் வழமையைவிட ஏறக்குறைய 15 வீதம் முன்னதாகவே களைத்து நிறுத்தினார்கள். இதயமும் தசையும் இயங்கிய விதத்தில் அதற்கு விளக்கம் கிடைக்கவில்லை. தொடக்கத்திலிருந்தே அதே வேலை அவர்களுக்குக் கூடுதல் கடினமாகத் தெரிந்தது. களைத்த மூளை, தசைக்கு இன்னும் இயலும் என்ற நிலையிலேயே "போதும்" என்று சொல்லிவிடுகிறது. ஒரேயொரு முறை தூக்கும் அதிகபட்சப் பாரம் இதனால் பெரிதாகக் குறைவதில்லை. திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய எட்டாவது, பத்தாவது தடவைகளே பறிபோகின்றன. தசையை வளர்ப்பவை பெரும்பாலும் அந்தக் கடைசித் தடவைகள்தாம்.

பதிவு செய்வது பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஸ்குவாட் செய்யும்போது பாரம் பூட்டிய கம்பியான பார்பெல் தோளில் இருக்க, பக்கத்தில் சாய்த்து வைத்த போனில் தான் சரியாகத் தெரிகிறேனா என்று தலையைத் திருப்பிப் பார்ப்பவர்களைக் கவனித்திருப்பீர்கள். பாரத்தைச் சுமந்தபடி கழுத்தைத் திருப்பும் அந்த ஒரு கணம் முதுகும் சற்று முறுகுகிறது, முழங்காலும் ஒரு பக்கம் சாய்கிறது. பெஞ்ச் பிரஸ்ஸில் ஆபத்து இன்னும் கூட. தலைமாட்டில் நின்று பாரத்தைப் பிடிக்க வேண்டிய நண்பன் போனைப் பிடித்துக்கொண்டு நின்றால், கை தளரும் நேரத்தில் பார்பெல் நெஞ்சில் அல்லது கழுத்தில் இறங்கும். உங்கள் செய்முறை சரியா என்று பார்ப்பதற்காக ஒரு நாளைக்கு ஒரு செற்றைப் பக்கவாட்டில் பதிவு செய்து, முடித்த பின்னர் அண்ணாவுடன் சேர்ந்து பார்ப்பது நல்ல பயன்பாடு. அதை ஊருக்குப் போடுவதும், எத்தனை பேர் விரும்பினார்கள் என்று அடுத்த ஓய்வில் எண்ணுவதும் வேறு.

இரவு விடயத்தில், அக்காவுடன் பேசாதீர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. வன்னியில் பல வீடுகளில் குடும்பம் மூன்று, நான்கு நாடுகளில் சிதறிக் கிடக்கிறது. அந்த அழைப்புத்தான் பலருக்கு வீடு. ஆனால் லண்டனில் இரவு எட்டு மணி என்றால் இங்கே கோடையில் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. பேசி வைத்த பின்னரும் மங்காத வெளிச்சத்துடன் திரை கையில் இருந்தால் நித்திரை இன்னும் தள்ளிப்போகும். வளர்ந்தவர்களுக்குக் குறைந்தது ஏழு மணித்தியால நித்திரை வேண்டும். உங்களுக்குக் கிடைப்பது ஐந்துகூட இல்லை. 2011ஆம் ஆண்டு சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணித்தியாலம் மட்டும் உறங்கவிட்டபோது, தசை வளர்ச்சிக்கு உதவும் ஆண் ஹோர்மோனான டெஸ்டோஸ்டிரோனின் பகல்நேர அளவு அவர்களுக்கு 10 முதல் 15 வீதம் குறைந்தது. வளர்ச்சி ஹோர்மோன் அதிகமாகச் சுரப்பதும் ஆழ்ந்த நித்திரையிலேயே. என் கணிப்பில் உங்கள் 60 கிலோ நிற்பதற்கு ஜிம்முக்குள் இருக்கும் போனைவிடக் கட்டிலில் இருக்கும் போனுக்கே பங்கு அதிகம். சனி, ஞாயிறில் அக்காவுக்கு மதியம் பன்னிரண்டு மணி என்றால் உங்களுக்கு மாலை நாலரை அல்லது ஐந்தரை; உங்கள் நிலைமையைச் சொன்னால் அவரே அந்த நேரத்துக்கு மாற்றிக்கொள்வார்.

கழுத்து நோவுக்கும் குனிந்து பார்ப்பதே பெரும்பாலும் காரணம். தலையின் நிறை ஏறக்குறைய ஐந்து கிலோ; 60 பாகை குனிந்தால் கழுத்தெலும்பில் விழும் விசை 27 கிலோவுக்குச் சமம் என்று 2014ஆம் ஆண்டு வெளியான ஒரு கணினி மாதிரிக் கணிப்புச் சொல்கிறது. போனைக் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பாருங்கள்.

புரோட்டீன் பவுடருக்கு இப்போதைக்கு அவசரமில்லை. பலப் பயிற்சி செய்பவருக்கு ஒரு கிலோ உடல் நிறைக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் புரதம் போதுமானது. உங்களுக்கு அது ஏறக்குறைய 110 கிராம். முட்டை, மீன், பயறு, கடலை, பருப்பு, பால் ஆகியவற்றைக் கவனமாகச் சேர்த்தால் அதை எட்டலாம். வட மத்திய மாகாணத்திலும் அதை ஒட்டிய வவுனியாப் பகுதிகளிலும் சிறுநீரக நோய் பரவலாக உள்ளதால், எந்தப் பவுடரையும் தொடங்கும் முன்னர் சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவை இரத்தத்தில் பார்த்துக்கொள்ளச் சொல்வது என் வழக்கம். தகரக் கூரையின் கீழ் மாலைச் சூட்டில் பயிற்சி செய்பவர் தண்ணீரையும் குறைக்கக் கூடாது.

போனை வீட்டில் விட்டுவிட்டு வருவது பஸ்ஸில் போய்வரும் உங்களுக்கு நடைமுறைக்கு ஒத்துவராது. தருமபுரம் தாண்டியதும் இணையத்தை நிறுத்திவிட்டு, அன்று செய்யவேண்டிய செற்களை மனதில் ஓடவிடுங்கள். உள்ளே வந்ததும் போனை ஏர்பிளேன் மோடில் போட்டுப் பைக்குள் வையுங்கள். பாட்டு வேண்டுமானால் முன்கூட்டியே சேமித்து வைத்ததைக் கேளுங்கள். 2015ஆம் ஆண்டு அமெரிக்காவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஓடுபொறியில் பரிசோதித்தபோது, செய்தி எழுதியவர்களின் வேகம் குறைந்தது, பாட்டுக் கேட்டவர்களின் வேகம் கூடியது. ஓய்வுக்கு மூன்று நிமிடத்தைக் கைக்கடிகாரத்தில் பாருங்கள். பாரத்தையும் தடவைகளையும் ஒரு சிறிய கொப்பியில் எழுதுங்கள்; போனில் குறிக்கத் தொடங்கினால் குறிப்போடு நிற்க மாட்டீர்கள்.

ஆறு வாரம் இப்படி, இரவு பதினொரு மணிக்கு முன்னர் படுத்தும் பாருங்கள். அதன் பின்னரும் பாரம் அசையாமல், களைப்போ படியேறும்போது மூச்சு வாங்குவதோ இருந்தால், கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்து குருதிச்சோகை, தைரொயிட், சீனி ஆகிய மூன்றுக்கும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கழுத்து நோ தோளால் இறங்கிக் கைக்கு வந்தாலோ, விரல்கள் விறைத்தாலோ, பிடி தளர்ந்தாலோ ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம்; அன்றே வாருங்கள். வைத்தியர் பார்க்கும்வரை தோளில் பார்பெல் வைக்கும் ஸ்குவாட்டையும் தலைக்கு மேல் பாரம் தூக்கும் பயிற்சிகளையும் நிறுத்திவையுங்கள்.