வாசகர் கேள்வி: காடு முழுக்க ஒரே மரமா?

கேள்வி: அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் படிக்கும் என் மகன், மஞ்சள் இலைகளோடு நிற்கும் ஒரு காட்டுப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அம்மா, இது காடு இல்லை, ஒரே மரம்" என்கிறான். என்னைக் கிண்டல் செய்கிறானா? இதில் ஒரு கன்றை இங்கே நட முடியுமா?
– வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: கிண்டல் இல்லை அம்மா, பிள்ளை உண்மையைத்தான் சொல்கிறான். அது ஆஸ்பென் மரம். அவன் நின்ற இடம் அனேகமாக ஃபிஷ்லேக் தேசிய வனத்தில் உள்ள 'பாண்டோ'. சுமார் 43 ஹெக்டேர், ஏறத்தாழ 47,000 தண்டுகள், அத்தனைக்கும் ஒரே மரபணு. பாண்டோ என்றால் லத்தீனில் 'பரவுகிறேன்'.

வீட்டுக் கொல்லையில் வாழை வைத்திருந்தால் பாதி விஷயம் உங்களுக்கே தெரியும். தாய்மரம் குலை தள்ளிச் சாய்ந்தாலும் பக்கக்கன்று நிற்கிறது, வாழையடி வாழை. என்ன, வாழைக்கன்று தாயின் காலடியிலேயே முளைக்கும், ஆஸ்பென் வேரோ பக்கவாட்டில் ஓடிப்போய் லாலான் புல் மாதிரி பல மீட்டர் தள்ளித் தலை நீட்டும். லாலானோடு மல்லுக்கட்டிய தோட்டத்துப் பெரியவர்களைக் கேளுங்கள், மேலே வெட்டினால் அது ஒழியாது. ஆஸ்பெனும் அப்படித்தான்: தண்டிலிருந்து இறங்கும் ஒரு ஹார்மோன் வேரில் புதுக்கன்று கிளம்பாமல் அடக்கி வைக்கும், காட்டுத்தீயில் தண்டுகள் கருகியதும் அந்த அடக்கம் விலகி, கன்றுகள் மண்டிக்கொண்டு வரும். ஆனால் தீக்குத் தப்புகிற மரம் மான் வாய்க்குத் தப்பவில்லை. கிழத்தண்டுகள் விழ விழ, பதிலுக்கு வர வேண்டிய இளங்கன்றுகளை மானும் மாடும் மேய்ந்துவிடுவதால், பாண்டோவின் சில பகுதிகளுக்கு வேலி போட்டிருக்கிறார்கள்.

அந்தப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள், வெள்ளைப் பட்டையில் மை தீட்டிய கண் மாதிரி தெரியும். உதிர்ந்த கிளைகளின் தழும்பு அது. பட்டையைத் தடவினால் கோலமாவு போல் கையில் ஒட்டும். லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சை, இலை இல்லாத காலத்திலும் பட்டையே கொஞ்சம் உணவு தயாரித்துக்கொள்ளும்.

கன்று ஆசையை விட்டுவிடுங்கள். அதற்கு உறைபனிக் குளிர்காலம் வேண்டும், நம் கொடிமலை உச்சிக் குளிரெல்லாம் அதற்கு எந்த மூலைக்கு!

கேள்வி: இயேசுவின் சிலுவை ஆஸ்பென் மரத்தில் செய்யப்பட்டதாம், அதனால்தான் அதன் இலை இன்றும் நடுங்குகிறதாம். உண்மையா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: ஐரோப்பாவில் பல ஊர்களில் சொல்லப்படும் பழைய கதை. அழகான கதைதான், ஆனால் சங்கதி காம்பில் இருக்கிறது. ஆஸ்பென் இலைக்காம்பு ரிப்பன் மாதிரி தட்டை, அதுவும் இலைப்பரப்புக்குக் குறுக்காகத் தட்டை, அதனால் மெல்லிய காற்றுக்கே இலை இப்படியும் அப்படியும் துடிக்கும். கதை ஒரு பக்கம் இருக்கட்டும், இதே மரத்தில்தான் அங்கே தீக்குச்சியும் செய்தார்கள், ஃபின்லாந்தில் சவுனா எனும் சூட்டுக் குளியல் அறையின் பெஞ்சுக்கும் இதுதான், உட்கார்ந்தால் சுடாது.

நம் அரச இலையும் சலசலக்கிறதே என்பீர்கள். சரி, ஒன்றைப் பறித்துக் காம்பை விரலிடையில் உருட்டிப் பாருங்கள். நீளமாக, மெல்லிசாக, உருண்டையாக இருக்கும். ஆஸ்பென் காம்பு அப்படி உருளாது.